பிட்னாவைப் பிடித்த பேய்

டேகு நகரத்து அடுக்குமாடி வீட்டுக்குள் ஓ என்னும் பாதிரியார் நுழைந்தபோதே, உள்ளறையில் ஆண்குரலில் ஓர் உறுமல் கேட்டது.

"ஒரு மாசமா இப்படித்தான் சாமி. அவங்கப்பா கிட்டப் போனாலே பிட்னா கடிக்க வர்றா" என்று அழுதாள் அம்மா மிசுக்.

"எப்படியாவது விரட்டுங்க சாமி" என்றார் அப்பா குவாங்சிக்.

பாதிரியார் சிலுவையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஓர் அலறல். பிறகு நெடுநேரம் சத்தமே இல்லை. மிசுக் ஜெபமாலையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

வெளியே வந்த பாதிரியாரின் முகம் வெளுத்திருந்தது.

"பொல்லாத பேய். அதுக்கு உங்க மேலதான் கண்ணு, குவாங்சிக். உடனே கிளம்புங்க. நான் சொல்றவரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்க."

குவாங்சிக் ஷூவைக்கூடச் சரியாக மாட்டாமல் லிஃப்டுக்கு ஓடினார். பாதிரியார் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தார்.

மிசுக் திகைத்தாள். "சாமி, பேய் போயிடுச்சா?"

"இப்பத்தாம்மா லிஃப்ட்ல இறங்கிப் போகுது. நீங்க வேலைக்குப் போன நேரத்துல அந்தாளு பெல்ட்டால அடிச்ச தழும்பு அவ முதுகெல்லாம் இருக்கு. அவனைக் கிட்ட வரவிடாம இருக்கத்தான் உறுமியிருக்கா."

உள்ளறையிலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"அம்மா... அப்பா போயிட்டாரா?"