பதினைந்து அங்குலம்

மார்ச் 18, புதன். தவறு என்னுடையது. அம்பத்தூர் தையல் வகுப்பில் கிடைத்த பழைய பேப்பர் கட்டிங்கை அளவு மாதிரியாக வைத்து, அக்கா மகள் ஜெனிட்டாவுக்கு ஈஸ்டர் கவுன் தைத்தேன். இடது கைக்கான துணியை மட்டும் பதினான்குக்குப் பதில் பதினைந்து அங்குலமாக வெட்டிவிட்டேன். தைத்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.

மாலையில் போட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் மணிக்கட்டில் சரியாக நின்றது.

"சூப்பரா கீது சித்தி!"

அவள் கைகளை அளந்தேன். வலது பதினான்கு, இடது பதினைந்து. போன வாரம் நோட்டில் இரண்டையும் பதினான்கு என்றுதான் எழுதியிருக்கிறேன்.

"டேப்பை ஒழுங்கா புடிடி, பெரிய டைலரு" என்று ஹில்டா அக்கா சிரித்தாள். ஐந்து முறை அளந்தேன்.

இடது பக்கத் துணியைக் குறைத்தால் குழந்தையின் கை என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.

நாளை: கவுனின் வலது கையைப் பிரித்துவிட்டு, புதுத் துணியில் அதையும் பதினைந்தாக வெட்டித் தைக்க வேண்டும்.