வெயிலில் தெரியாத தீ

அவன் எரிந்துகொண்டிருந்தான்.

அது யாருக்கும் தெரியவில்லை.

உச்சி வெயில். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் திறந்த புல்வெளியில் பஃபே. தட்டை ஏந்தி நீண்ட வரிசை. குருமா இன்னும் சூடாகலியா என்று முகம் சுளித்து நின்றவர்களில் ஒருவர்கூட அவனைப் பார்த்து ஐயோ என்று சொல்லவில்லை.

பஃபே பாத்திரத்துக்கு அடியில் எரிக்கிற ஸ்பிரிட்டுக்குப் புகை கிடையாது. அதன் நீல நிறத்தையும் வெயில் விழுங்கிவிடும். சூடு மட்டும் அப்படியே இருக்கும். பாத்திரம் நிறையக் குருமாவை மதியம் முழுக்கக் கொதிப்பிலேயே வைத்திருக்கிற சூடு, பச்சைத் தண்ணீர் மாதிரி தெரிகிற அந்தப் பாழாய்ப்போன ஸ்பிரிட்டுக்குள் அடங்கிக் கிடந்தது. பற்றிக்கொண்டதும் மொத்தமாக வெளியே வந்துவிட்டது.

பேச்சிதான் சொன்னாள். அவன் பெண்டாட்டி. குருமாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றவள்.

"ஏங்க, அடுப்பு அமந்துட்டு."

கல்யாண வீட்டில் அணைந்துவிட்டது என்று சொல்லமாட்டாள். அமந்துட்டு என்றாள்.

அடுப்பு என்பது பாத்திரத்துக்கு அடியில் இருந்த சின்னத் தகர டப்பா. அவனும் குனிந்து பார்த்தான். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கையிலிருந்த ஸ்பிரிட் கேனை அதில் சரித்தான்.

ஊற்றிய தாரையைப் பிடித்துத் தீ மேலே ஏறி வந்தது. கேன் ஒரு முறை கக்கியது. சட்டை முழுக்க நனைந்தது.

கேனை ஆளில்லாத பக்கம் வீசிவிட்டு ஓடினான். கை கழுவும் இடத்தில் தண்ணீர் டிரம் இருந்தது.

சட்டைத் துணி இன்னும் பற்றவில்லை. முதலில் ஸ்பிரிட் எரிந்து தீர வேண்டும். துணி பற்றியிருந்தால் மஞ்சளாகத் தெரிந்திருக்கும், நாலு பேர் ஈரச் சாக்கோடு ஓடி வந்திருப்பார்கள். இப்போது அவனைச் சுற்றிக் காற்று மட்டும் நெளிந்தது, மத்தியானத் தார் ரோட்டின் மேல் நெளிகிற மாதிரி.

"பாத்துப் போப்பா," என்று ஒருவர் தட்டை ஒதுக்கிக்கொண்டார்.

கத்த வாயைத் திறந்தான். வாய்க்குள்ளும் சூடு புகுந்தது.

அப்போதுதான் பேச்சி குறுக்கே வந்தாள்.

சமையல் கான்ட்ராக்டர் பரிமாறும் பெண்கள் எல்லாருக்கும் கொடுத்திருந்த பாலியஸ்டர் சேலை. பற்றினால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்கிற துணி. தன் வலி அவனுக்கு மறந்தே போயிற்று. இவள் என்னைத் தொடக் கூடாது. அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

"கிட்ட வராத!"

ஐயோ, வேறு வார்த்தை கிடைக்கவில்லையே பாவிக்கு.

கோபம் வந்தால் அவன் சொல்கிற வார்த்தை அது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, கிட்ட வராத என்பான். அவள் சிரித்துக்கொண்டே போய் ஒட்டிக்கொள்வாள். அவள் வரவேண்டும் என்றுதான் அவன் சொல்வதே. காலையில் வேன் ஏறும்போதுகூட இருவருக்கும் சண்டை.

மனுசன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். அது வேர்த்துக் கோணியிருப்பதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

அவன் பின்வாங்கினான். பின்னால் பஃபே வரிசை. தட்டேந்திய பிள்ளைகள். அதற்குமேல் ஓர் அடி நகர முடியவில்லை.

"வருவேன். என்ன செய்வீங்களாம்?"

சிரித்தாள் பேச்சி. இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, அவன் நெற்றியைத் துடைக்கக் கை நீட்டினாள்.