கடைசி வரிசைச் சத்தம்

டங்!

கடைசி வரிசையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் ஒன்று கீழே விழுந்து, நாலைந்து பெஞ்சுகளுக்கு அடியில் உருண்டது. வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"யாரது?" துறைத்தலைவி எழுந்தார்.

"டமாரம், மேடம்!" கோரஸாகப் பதில் வந்தது.

எதையாவது தட்டிக்கொண்டே இருப்பதால் அந்தப் பையனுக்கு அந்தப் பெயர். மேடையில் நின்றவளுக்கோ 'மியூட்' என்று பெயர். வகுப்பில் அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

அவளுக்குப் பின்னால் திரையில் தலைப்பு மின்னியது: 'பதற்றம்: புரிந்துகொள்வோம், சமாளிப்போம்'.

உளவியல் துறை அல்லவா? மேடை என்றாலே நடுங்குகிறவளுக்கு இந்தத் தலைப்பைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் துறைத்தலைவிதான். தண்ணீரில் தள்ளிவிட்டால் நீச்சல் தானாக வரும் என்பது அவருடைய சிகிச்சை முறை. போன தடவை மியூட் பாதியிலேயே இறங்கி ஓடிவிட்டாள். இன்றும் இறங்கினால் இந்தப் பாடத்தில் ஃபெயில். படிப்பில் ஒரு வருஷம் போச்சு.

"பதற்றம் வந்தா இதயம் படபடன்னு அடிச்சுக்கும், தொண்டை வறண்டு போகும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, சொன்னதெல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அந்த டங்.

"மனுஷனா இவன்?" முதல் வரிசையில் வகுப்புப் பிரதிநிதி கொதித்தாள். "பாவம், அவளே திணறிட்டு நிக்கிறா!"

மியூட் எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். பதற்றம் கோழைத்தனம் இல்லை என்றாள். உடம்பு அடிக்கும் அபாய மணி, சில சமயம் தப்பான நேரத்தில் அடித்துவிடுகிறது என்றாள். நன்றாகத்தான் போனது.

"சமாளிக்கிற வழிகள்ல முதலாவது..."

முதலாவது என்ன என்பது மறந்துபோனது. பேப்பர் கையில் படபடத்தது.

டங்!

"எழுந்திருடா!" துறைத்தலைவி கத்தினார். "ஒரு பொண்ணு நடுங்கிட்டு நிக்கிறா, உனக்கு விளையாட்டா இருக்கா?"

"கை வேர்த்துடுச்சு மேடம். வழுக்கிடுச்சு."

"ரெண்டு தடவையுமா?"

"பதற்றம் மேடம்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"மேடையில நிக்கிறது அவ. உனக்கென்னடா பதற்றம்? பாட்டிலைக் குடு. வெளியே போ!"

டமாரம் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, மேடையை ஒரு முறை பார்த்துவிட்டுப் போனான். முகத்தில் வெட்கம் மருந்துக்குக்கூட இல்லை. பாட்டில் துறைத்தலைவியின் மேஜைமேல் உட்கார்ந்தது.

"நீ பேசும்மா. இனிமே உன்னை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க" என்றார் கனிவாக. பிறகு வகுப்பைப் பார்த்து, "எல்லாரும் அவளையே பாருங்க. ஒருத்தரும் கண்ணை எடுக்கக் கூடாது!" என்றார்.

ஒருத்தரும் எடுக்கவில்லை.

திரையில் அடுத்த பக்கம் வந்தது: 'சுற்றியிருப்பவர்கள் என்ன செய்யலாம்?'

மியூட் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"மூச்சை இழும்மா" என்றார் துறைத்தலைவி. "இழு. இன்னும் இழு. நான் சொல்லாம ஏன் விடுறே? நேரம் ஓடிட்டிருக்கு, டென்ஷன் ஆகாதே!"

"ஐயோ, காலும் நடுங்குதுடி" என்று வகுப்புப் பிரதிநிதி பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு மேடை வரைக்கும் கேட்டது.

மியூட்டின் ஒரு கால் மேடையின் படியைத் தேடியது.

தடால்!

வராந்தாவில் தகரக் குப்பைத்தொட்டி கவிழ்ந்து, மூடி மட்டும் தனியாகச் சுழன்று சுழன்று அடங்கியது. மொத்த வகுப்பும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தது. "அந்தக் கழுதையை இன்னிக்கு விடப் போறதில்லை!" என்று துறைத்தலைவி வாசலுக்கே பாய்ந்தார். மேடையைப் பார்க்க ஒரு கண்கூட மிச்சமில்லை.

அவர்கள் திரும்பியபோது மியூட் பேசிக்கொண்டிருந்தாள். குரல் நூலாகத்தான் இருந்தது, ஆனால் அறுபடவில்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் பேசி முடித்தாள்.

துறைத்தலைவிதான் முதலில் கைதட்டினார். "பார்த்தீங்களா? எல்லாம் நான் சொல்லிக் குடுத்த மூச்சுப் பயிற்சி! நீ பாஸும்மா."

அடுத்த வேலை, டமாரத்தை உள்ளே கூப்பிட்டு நிறுத்துவது.

"இவனுக்கு இந்தப் பாடத்துல ஃபெயில் போடப் போறேன்."

"அதெல்லாம் பத்தாது மேடம்" என்று எழுந்தாள் வகுப்புப் பிரதிநிதி. "இது மன வன்முறை! எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

வகுப்பு மேஜையைத் தட்டி ஆமோதித்தது.

"நீயே சொல்லும்மா" என்றார் துறைத்தலைவி. "உன்னை இந்தப் பாடு படுத்தினவனை என்ன பண்ணலாம்?"

மியூட் மேடையிலிருந்து இறங்கி, நேராக அவர் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், அந்த பாட்டில்..."

"அது இனி அவனுக்குக் கிடைக்காது. நீ கவலைப்படாதே."

"அவனுக்கு இல்ல மேடம். அது என்னோடது." அவள் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். "எல்லாரும் என்னையே பார்த்தா எனக்கு மூச்சு நின்னுடும். நான் திக்கி நின்னா கீழே போடுடான்னு காலையில நான்தான் அவன்கிட்ட குடுத்தேன்."

அவள் பாட்டிலைத் திருகி மூடினாள்.

"குப்பைத்தொட்டி மட்டும் அவனோட சொந்த யோசனை மேடம்."