ராத்தலுக்கு எட்டணா

ஆண்டியப்பன் தான் பெற்ற பிள்ளையைத் தராசில் ஏற்றப் போகிறார் என்றதும், கந்தர்வக்கோட்டைக் கடலை மண்டியில் நின்ற அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள்.

அவர் மனைவி முத்துமாரியம்மாளுக்கு மானமே போயிற்று.

மண்டிக்குப் பின்னால்தான் வீடு. கையில் இரண்டு மாதப் பெண் குழந்தை. மூத்தவன் நல்லதம்பிக்கு ஒன்றரை வயது. சோற்றைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்கிற பயல். இரண்டையும் சமாளிக்க முடியாமல்தான், மூத்தவனைப் பார்த்துக்கொள்ளக் காத்தாயியை வரச் சொல்லியிருந்தாள்.

காத்தாயி மாதம் பத்து ரூபாய் கேட்டாள். ஆண்டியப்பன் ஆறு என்றார்.

"பிள்ளையச் சும்மா இடுப்புல வச்சிக்கிட்டு நிக்கிறதுக்குப் பத்து ரூவாயா?"

"சும்மாவா? ஒரு நாள் நீங்க வச்சிக்கிட்டு நில்லுங்க மொதலாளி. கனம் தெரியும்."

கனம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார்.

"அப்படி வா வழிக்கு! எங்கிட்ட எல்லாமே எடைக்குத்தான். ராத்தலுக்கு எட்டணா. மாசம் ஒண்ணாந்தேதி நிறுப்போம். என்ன கனமோ அதுக்குச் சம்பளம்."

"ஒங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்றாள் முத்துமாரியம்மாள்.

"எனக்குச் சம்மதம் ஆத்தா" என்றாள் காத்தாயி. "அவன் ஏறுனா எனக்கும் ஏறுமுல்ல?"

மூட்டை நிறுக்கிற பெரிய தராசு. நல்லதம்பி அதை ஊஞ்சல் என்று நினைத்துக் கைதட்டினான். பதினெட்டு ராத்தல் இருந்தான். சந்தோஷத்தில் தட்டையும் நனைத்துவிட்டான்.

"ஈரக் கழிவு கால் ராத்தல்" என்றார் ஆண்டியப்பன், பழக்க தோஷத்தில்.

"கடலை நனைஞ்சா கனம் கூடும், நீங்க கழிக்கிறது ஞாயம். இவன் ஒண்ணுக்குப் போனா கனம் கொறையுமுல்ல? கால் ராத்தல் கூட்டித்தான் போடணும் மொதலாளி!" என்றாள் காத்தாயி.

மண்டியே சிரித்தது. கடலை மூட்டையோடு வந்திருந்த விவசாயி பிச்சைமுத்து துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். பத்து வருஷமாக ஈரக் கழிவு கொடுத்து நொந்தவர் அவர்.

காத்தாயி பயலைத் தினமும் கண்மாய்ப் பக்கம் தூக்கிப் போவாள். கொக்குக்கு ஒரு வாய், எருமைக்கு ஒரு வாய் என்று சொல்லிச் சொல்லிக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் திரும்புவாள். அடுத்த மாதம் இருபது ராத்தல். அதற்கடுத்த மாதம் இருபத்திரண்டு.

ஆண்டியப்பன் முகம் வாடிக்கொண்டே வந்தது. நிறுக்கும் முன் பிள்ளையின் வெள்ளி அரைஞாணை அவிழ்த்துவிடுவார்.

"சாக்குக் கனத்தைக் கழிக்கணுமா இல்லியா?"

"பிள்ளை தேறுதேன்னு சந்தோசப்பட மாட்டீங்களா?" என்பாள் மனைவி.

"சந்தோசந்தான். ஆனா என் மடியிலருந்துல்ல தேறுறான்!"

பங்குனி வெயிலோடு அம்மையும் வந்தது. நல்லதம்பிக்கு உடம்பெல்லாம் முத்து. முத்துமாரியம்மாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவில் தங்கை வீட்டுக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே அம்மை கண்டு எழுந்தவள் காத்தாயி. வேப்பிலையும் கையுமாகப் பதினைந்து நாள் அவன் பாயை விட்டு நகரவில்லை.

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகு முத்துமாரியம்மாள் வீடு திரும்பினாள். பிள்ளை எலும்பும் தோலுமாகக் கிடந்தான். ஆனால் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அவள் காத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

மறுநாள் ஒண்ணாந்தேதி.

"ஏங்க, இந்த மாசம் நிறுக்க வேணாங்க. அவ இல்லேன்னா நமக்குப் பிள்ளையே இல்ல. போன மாசம் குடுத்ததையே குடுத்துருங்க."

"நல்லாருக்கே! இத்தன பேரு பாக்க நிறுக்காமக் காசு குடுத்தேன்னு வையி, நாளைக்கு ஒவ்வொருத்தனும் 'எனக்கும் பாத்துப் போட்டுக் குடுங்க'ன்னு வந்து நிப்பான். பேச்சுன்னா பேச்சுத்தான். ஏத்து பிள்ளைய!"

இவரும் ஒரு மனுஷனா என்று முத்துமாரியம்மாளுக்கு வயிறு எரிந்தது.

"கொறைஞ்சாக் கொறையட்டும் ஆத்தா. பய பொழைச்சானே, அது போதும்" என்று காத்தாயி அவனைத் தட்டில் இறக்கிவிட்டாள்.

ஆண்டியப்பன் தராசை ஒட்டி நின்றுகொண்டு எதிர்த்தட்டில் எடைக்கல்லை ஒவ்வொன்றாக வைத்தார். பதினெட்டு. இருபது. இருபத்திரண்டு. பிள்ளை இருந்த தட்டு எழும்புவேனா என்றது.

"இருபத்தஞ்சு ராத்தல்!" என்று கூவினார். "பன்னெண்டரை ரூவா! அம்மை வந்தும் எளைக்கலையே இந்தப் பய! எல்லாம் என் தலையெழுத்து!"

காத்தாயி திகைத்துப்போனாள். "மொதலாளி, தராசுல ஏதோ கோளாறு..."

"என் தராசையா கொறை சொல்றே? பேசாம வாங்கிட்டுப் போ!"

முத்துமாரியம்மாள் குனிந்து பார்த்தாள். வேட்டி மறைவில் புருஷனுடைய இடது கால் பெருவிரல், பிள்ளை இருந்த தட்டை அழுத்திப் பிடித்திருந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அன்றைக்கும் மூட்டையோடு வந்து நின்ற பிச்சைமுத்துவும் பார்த்துவிட்டார். சட்டென்று தன் கடலை மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

"மொதலாளி, காலை எடுத்துடாதீங்க! என்னைக்கும் கல்லுத் தட்டுல இருக்கிற காலு இன்னைக்குத்தான் சரக்குத் தட்டுக்கு வந்திருக்கு. அப்படியே இருக்கட்டும், என் மூட்டையையும் நிறுத்துருங்க!"