ஃப்ரீசரில் ஒரு பொட்டலம்

“உங்க ஃப்ரீசர்ல உள்ளங்கை அகலம் இடம் கிடைக்குமாங்க? சாப்பிடுற சாமான் இல்ல. பேரிங்.”

வாசலில் நின்றவர் மீட்டர்காரர். மின்சார மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் யார் வீட்டுக்குப் போனாலும் சுவரிலிருக்கும் மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். நாலு வீடு தள்ளித் தனியாக இருக்கிறார்.

தையலக்கா மிஷினை நிறுத்தினாள். “பேரிங்கை எதுக்கு சார் குளிர வைக்கணும்? அதுக்கென்ன ஜுரமா?”

“பைக்ல பின்சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கை இருக்கும், ஸ்விங் ஆர்ம்னு. அதோட பேரிங் தேஞ்சு, வண்டி வளைவுல வாலாட்டுது. பழசை நானே வீட்டுல தட்டி எடுத்துட்டேன். புதுசு நூலளவு பெருசு. ராத்திரி முழுக்க ஃப்ரீசர்ல இருந்தா சுருங்கும். காலையில அந்தக் கையைச் சூடு பண்ணி, இதைச் சில்லுனு வெச்சு ஒரே தட்டு, வழுக்கிக்கிட்டுப் போயிடும். என் ஃபிரிட்ஜ் படுத்துடுச்சு.”

டேப் சுற்றிய பொட்டலத்தை நீட்டினார். “பிரிச்சிடாதீங்க. ஈரம் பட்டா துருப்பிடிச்சுடும்.”

“குடுத்துட்டுப் போங்க, வெச்சிடறேன்” என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் தன் ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஃபிரிட்ஜ் உயிரை விட்டு மூன்று மாதம். இப்போது அதற்குள் குடியிருப்பது நூல்கண்டும் லைனிங் துணியும்தான். சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் மனுஷன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிடுவாரே! அக்கா வீட்டுக்கு வருகிறவர்கள் அளவு கொடுப்பார்கள், தேதி கேட்பார்கள், செருப்பை மாட்டுவார்கள். அவள் வாயிலிருந்து ஒரு கேலிப் பேச்சு வந்தே எத்தனை நாளாயிற்றோ.

மறுநாள் விடிந்ததும் அக்கா தூக்குவாளியோடு மீன் கடைக்குக் கிளம்பினாள். மீன் வாங்கவில்லை, ஐஸ் மட்டும் வாங்கினாள். அதைக் கண்ட எதிர்வீட்டு ஜன்னல் அன்றைக்கே பக்கத்து வீட்டு ஜன்னலோடு ஒரு மாநாடு நடத்தியது. அக்கா கதவைச் சாத்திக்கொண்டு, பொட்டலத்தை இன்னொரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸுக்குள் புதைத்தாள்.

மீட்டர்காரர் வந்தார். ஒரு டீ குடித்தார். பொட்டலத்தோடு போனார். சாயங்காலம் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

“நூலளவுதாங்க! உள்ள போக மாட்டேங்குது. இன்னொரு ராத்திரி இருக்கட்டுமா?”

“இருக்கட்டுமே, அதென்ன சோறா கேக்குது?”

மறுபடியும் டீ.

இப்படியே காலையில் ஒரு டீ, மாலையில் ஒரு டீ. மூன்றாம் நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “முப்பது வருஷம் வீடு வீடாப் போயிருக்கேன். ‘மீட்டர்!’னு கத்துவேன். ‘பாத்துட்டுப் போங்க’ம்பாங்க. ‘உக்காருங்க’ன்னு ஒருத்தர் சொன்னதில்ல.”

மறுநாள் நாற்காலியில் கிடந்த துணிமூட்டை தரைக்கு இறங்கியது.

ஐந்தாம் நாள் அக்கா ஐஸ் வாங்கப் போகவில்லை. குளிராவிட்டால் சுருங்காது, சுருங்காவிட்டால் ஏறாது, ஏறாவிட்டால் மனுஷன் சாயங்காலம் வருவார். படிக்காத கணக்கு, ஆனாலும் சரியாக வந்தது.

“இன்னிக்கு நல்லா சில்லுனுதான் இருந்துச்சு. அப்பவும் நூலளவு, பாத்துக்குங்க!” என்றபடி அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

தப்பித்தோம் என்ற நிம்மதியில் அக்கா அதற்குமேல் யோசிக்கவில்லை.

பத்தாம் நாள் உச்சி வெயில். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மீட்டர்காரர் தோளில் அரிசிப் பையோடு கடைத்தெருவிலிருந்து நடந்து வந்தார். வலது முழங்கால் மடங்கவே இல்லை. ஒவ்வொரு விளக்குக் கம்பமாகப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். பைக் ஓடியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

‘எல்லாம் என்னாலதானே’ என்று அவளுக்குச் சுருக்கென்றது. தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். பிரிக்கக்கூடத் தோன்றாமல் எழுந்து தெருமுனை மெக்கானிக்கிடம் போனாள்.

“தம்பி, எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. மீட்டர்காரர் வண்டிக்கு அந்தப் பேரிங்கை நீங்களே போய் ஏத்திக் குடுத்துடுங்க. பாவம், மனுஷன் நடக்க முடியாம நடக்குறாரு. கூலியை நான் தர்றேன். நான் அனுப்பினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

பேரிங் ஏறிவிட்டால், சாயங்காலம் இரண்டாவது டம்ளரை எடுத்துக் கழுவ வேண்டிய வேலை மிச்சம்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

“எந்தப் பேரிங்க்கா? அதை அவரே வீட்டுல ஏத்தி ஒரு மாசம் ஆச்சே! ‘என் ஃபிரிட்ஜுலயே வெச்சேன், ஒரே தட்டு, வழுக்கிக்கிட்டுப் போயிடுச்சு’ன்னு இங்க வந்து பெருமை அடிச்சுட்டுப் போனாரே. வண்டி ஜம்முனு அவர் வீட்டுக்குள்ள நிக்குது. பத்து நாளா வெளியவே எடுக்க மாட்டேங்குறாரு. ஏன் சார் நடக்குறீங்கன்னு கேட்டா, காதுல விழாத மாதிரி போறாரு!”

அக்கா திரும்பும் வழியில் மளிகைக் கடையில் நின்று, எப்போதும் வாங்கும் சின்னப் பொட்டலத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டு, அரைக் கிலோ டீத்தூள் வாங்கினாள்.