பின் சீட்டுக் காற்று

களுவாஞ்சிகுடி தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் வேனின் பின் ஏசி நின்றுவிட்டது.

முன்னால் குளிர் வந்துகொண்டுதான் இருந்தது. யாருக்கு வேண்டும் அது? மாமி இருப்பது பின் சீட்டில்.

றிபாத் கல்லாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மர நிழலைக் கண்டு வேனை நிறுத்தினான். எஞ்சினை ஓடவிட்டு இறங்கினான்.

நிற்பதற்கு நாள் பார்த்தது பார். போன மாதம்தான் அந்த ஏசியைக் கழற்றித் திருத்திப் பூட்டியிருந்தான். மாமிக்காகவே செய்த வேலை. புற்றுநோய்க்கு மருந்தேற்ற மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற மனுசியை இந்த வெயிலில் வேக வைக்கலாமா?

மற்ற நாளென்றால் அவன் மனைவி ஸுல்பிகா கூட வந்திருப்பாள். இன்று அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக் கடமை. பரீட்சை முடியும்வரை அவளுடைய போனும் வேலை செய்யாது. வேனில் மாமியும் மருமகனும் மட்டும்.

அதுதான் சங்கடம். கலியாணம் முடித்து பெண் வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து மாமி அவனோடு நேரில் ஒரு சொல் கதைத்ததில்லை. கோபமா? சேச்சே. மரியாதை. அக்கம்பக்கத்து மாமிமாரெல்லாம் மருமக்களோடு பகிடி விட்டுச் சிரிக்கிற காலம் வந்துவிட்டது. இந்த மாமி மட்டும் பழைய ஆள். எதைச் சொல்வதென்றாலும் மகளிடம் சொல்வார், மகள் வந்து இவனிடம் சொல்வாள். மீனில் நடுத்துண்டு மட்டும் யாரும் சொல்லாமலே அவன் சோற்றில் வந்து விழும்.

இன்று காலை ஆஸ்பத்திரியில்கூடத் தண்ணீர் வேண்டும் என்பதைத் தாதியிடம் சொல்லித்தான் அவனுக்குத் தெரிவித்தார்.

அந்தத் தாதிதான் பிறகு வந்து, டொக்டர் கூப்பிடுகிறார் என்றாள். டொக்டர் அவனைத் தாழ்வாரத்தின் கடைசிவரை கூட்டிப் போனார். இனிக் கொண்டுவர வேண்டாம் என்றார். விரும்பியதைக் கொடுத்து வீட்டில் வைத்திருங்கள் என்றார். நல்ல மனுசன், தோளில் தட்டியும் விட்டார்.

றிபாத் மாமியை வேனில் ஏற்றியதிலிருந்து கண்ணாடியில் பின்னால் பார்க்கவேயில்லை.

வாப்பா மௌத்தாகிப் போன பிறகு ஸுல்பிகாவுக்கு எல்லாமே உம்மாதான். வாசலில் வந்து நிற்பாள், டொக்டர் என்ன சொன்னார் என்று முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். எந்த வாயால் சொல்வது?

இதற்குள் ஏசி வேறு.

சாய்ந்தமருதில் ஏசி வேலை செய்கிற ஜவுபருக்குப் போன் எடுத்தான். ஜவுபர் ஒவ்வொன்றாகக் கேட்டான். முன்னால் குளிர் வருகிறதா? வருகிறதென்றால் கேஸ் இருக்கிறது, கொம்பிரசரும் ஓடுகிறது, அதில் கை வைக்காதே என்றான்.

றிபாத் அதில்தான் கை வைத்தான். முன் சீட்டைத் தூக்கி பெல்ட் ஓடுவதை எட்டிப் பார்த்தான். குழாயைத் தொட்டான். அது சில்லென்று வேர்த்திருந்தது. பிறகு பியூஸ் ஒன்றைக் கழற்றி வெயிலில் பிடித்தான். நல்ல பியூஸ். அதற்குப் பக்கத்தில் இருந்ததையும் கழற்றினான். அது ஹோர்னுடையது. அதற்கும் ஏசிக்கும் என்ன சம்பந்தம் என்று ஜவுபர் ஏசினான்.

சம்பந்தம் இல்லைதான். உண்மையைச் சொன்னால், மாமிக்காக ஏசி சரிவர வேண்டும் என்றும் இருந்தது, கொஞ்சம் சுணங்கிச் சரிவரட்டும் என்றும் இருந்தது. சரிவந்துவிட்டால் வேனை வீட்டுக்கு விடவேண்டும்.

மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று என்றான் ஜவுபர். பின் சீட்டுக்கு மேலே, கூரையில் இருக்கிற சுவிட்ச். போய்ப் பார்த்துவிட்டுச் சொல் என்று போனை வைத்துவிட்டான்.

றிபாத் பக்கக் கதவுவரை போய் நின்றான். சுவிட்ச் மாமியின் தலைக்கு நேர் மேலே. உள்ளே குனிந்து, அவருடைய முக்காட்டுக்கு மேலால் கையை நீட்ட வேண்டும். பெற்ற உம்மாவாக இருந்தால் யோசிப்பானா? சுத்தமாக இருந்த முன் கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தான். பாலத்தில் போன பஸ்ஸைப் பார்த்தான். உள்ளே அந்த மனுசி எப்படி அவிந்துகொண்டிருக்கிறாரோ என்று நினைத்தபோது தன் மேலேயே வெறுப்பு வந்தது.

பிஸ்மி சொல்லிக் கதவை இழுத்தான். கண்ணைக் கீழே மிதியடியில் வைத்துக்கொண்டு கையை மேலே விட்டுத் தடவினான்.

சுவிட்ச் உடையவில்லை. ஓஃபில் இருந்தது.

அதைத் திருகப் போனவனின் மணிக்கட்டை மாமி பிடித்தார். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கை. அதில் இவ்வளவு பலம் இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

"நான்தான் மகன் அத நிப்பாட்டின. அந்த இரைச்சலுக்குள்ள நான் கதைக்கிறது முன்னுக்குக் கேக்காதே."

றிபாத் நிமிர்ந்தான். இத்தனை வருசத்தில் முதல் தடவையாக மாமியின் முகத்தை நேரே பார்த்தான்.

மாமி அவன் கையை விடவில்லை.

"டொக்டர் உங்களத் தனியக் கூப்பிட்டப்பவே எனக்கு விளங்கிட்டு. ஸுல்பிகாட்ட நீங்க சொல்ல வேணாம் மகன், நீங்க தாங்க மாட்டீங்க. நான் சொல்றன்."