அன்னாசி வைத்த பன்றிக்கறி

"ஏன் தம்பி, பன்றிக்கறி மேல எதுக்கு அன்னாசி?"

"ஹவாய்ல காலங்காலமா இப்படித்தான் மேடம்" என்றான் அந்த வைக்கீக்கி கடற்கரை உணவகத்தின் பணியாளன்.

"அப்படியா! ஊருக்குப் போய்ச் சொல்லணும்" என்றாள் லெஹூவா. அவள் உடையில் இருந்த அதே பூக்கள் போட்ட சட்டை அணிந்திருந்த கணவர் கெயாவே, மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

"சேப்பங்கிழங்குக் களி இப்படியா இனிக்கும்?"

"சர்க்கரை போட்டாத்தான் மேடம் உங்களை மாதிரி வெளியூர்க்காரங்க தொடறாங்க."

முரசு அதிர்ந்தது. இலைப்பாவாடை கட்டிய இளைஞன் ஒருவன் தீப்பந்தத்தைச் சுழற்றியபடி மேடைக்கு வந்தான். லெஹூவா கேலியை மறந்துவிட்டு, பந்தம் அணையும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் அவனோடு படம் எடுத்துக்கொள்ள எல்லோரும் வரிசையில் நின்றார்கள். இவர்களும் நின்றார்கள். இவர்கள் முறை வந்தபோது அவன் முகம் வெளுத்துப்போனது.

"அம்மா! இதே ஊர்ல கலிஹியில இருக்கற நம்ம சாப்பாட்டுக் கடையை விட்டுட்டு, வெளியூர்க்காரி மாதிரி இங்க என்ன பண்றே?"

"ஹோட்டல்ல கணக்கு எழுதறேன்னு சொன்ன பிள்ளையைப் பார்க்க வந்தேன்டா கைப்போ."

"தினமும் கல்லாவுல உட்கார்ந்து இந்த மாதிரி இடத்தையெல்லாம் கிழிகிழின்னு கிழிக்கறே. உன்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

"சாப்பாட்டைத்தானேடா கிழிச்சேன், உன் ஆட்டத்தையா?" அவன் பாவாடையை இழுத்துச் சரிசெய்தவள், படம் எடுப்பவரிடம் திரும்பினாள். "நல்லா எடுங்க. எங்க கடைச் சுவத்துல மாட்டணும்."

"அங்கயா? ஊரே பார்க்குமே!"

"பார்க்கட்டும். கீழே எழுதிடறேன், ஆடறது அங்கே, சாப்பிடறது இங்கேன்னு."